பதினொன்று பி-க்குத் தைத்த ஸ்கிரீன்

ஜன்னலில் தொங்குவதைத் திரைச்சீலை என்று எழுதலாம். ஆனால் அவளிடம் போய் அப்படிக் கேட்டால் ஒரு நொடி விழித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். இருபத்தாறு வருஷமாக அவள் தைத்துக் கொடுப்பது ஸ்கிரீன். அதனால் அவள் பெயரே ஸ்கிரீன் அக்கா என்று ஆகிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அளவை அவளே நேரில் வந்து எடுக்க வேண்டும். புது வீடு வாங்கியவர்கள் போன் செய்து, "அக்கா, பிளான்ல ஹால் ஜன்னல் ஆறடின்னு போட்டிருக்கு, அதை வச்சுத் தைச்சிருங்க" என்பார்கள். "பிளான்ல வாசல்ல நாலு மரம்கூட நிக்குதும்மா, அதுக்கடியில போய் நிழலுக்கு உக்காருவியா?" என்று கேட்டுவிட்டு, என்றைக்கு வரலாம் என்று நாள் குறித்துக்கொள்வாள். கட்டுகிறவன் காகிதத்தில் ஆறடி என்பான். சுவரில் ஐந்தடி ஒன்பது அங்குலம் இருக்கும். கேட்டால் பூச்சில் போய்விட்டது என்பான். அவள் போன வீடுகளிலெல்லாம் இதே கதைதான்.

அளக்கப் போகும்போது கணவரும் கூட வருவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வார நாட்களில் ஊரில் உள்ள பழைய லிஃப்டுகளின் உயிரைப் பிடித்து வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமையானால் மனைவிக்கு ஸ்டூல் ஏறும் ஆள். மேலே நின்று டேப்பைப் பிடித்து அளவைச் சத்தமாகச் சொல்வார். கீழே நின்று அவள் அதைத் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதுவாள். துளை போடுவது, ராடு மாட்டுவது எல்லாம் அவர் வேலை. தைத்து முடித்த ஒவ்வொரு ஸ்கிரீனின் அடி மடிப்பிலும் அந்த வீட்டின் எண்ணைச் சிவப்பு நூலில் தைத்துவிடுவாள், சலவைக்குப் போய் வரும்போது வீடு மாறிவிடக் கூடாது என்று. இத்தனை வருஷத்தில் ஒரு எண்கூடத் தப்பியதில்லை.

ஊருக்கெல்லாம் ஸ்கிரீன் தைத்தவளின் வீட்டு ஜன்னலில் மட்டும் ஸ்கிரீன் கிடையாது. கல்யாணமானதிலிருந்து ஏழு வாடகை வீடுகள், ஏழு ஓனர்கள். ஏழு பேரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே பேச்சு: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நாலாவது வீட்டு ஓனர், காலி செய்யும் நாளில் டார்ச்சோடு வந்து ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தார். காலண்டர் மாட்ட அடித்த ஒரே ஒரு ஆணியின் ஓட்டையைக் கண்டுபிடித்து, புதையல் கிடைத்த மாதிரி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டி, முன்பணத்தில் கைவைத்தார். அதற்குப் பிறகு அவள் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிப் பழைய போர்வையைத் தொங்கவிடுவதோடு நிறுத்திக்கொண்டாள். யாரையும் கேட்காமல் துளை போட ஒரு சுவர் வேண்டும். சொந்த வீடு என்று அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அந்த வீடுகளில் அழுவதற்குக்கூட இடம் இருந்ததில்லை. இந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினால், "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். அவள் அழுது கணவரே பார்த்ததில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால், இரண்டு பேர் சேமிப்பையும் பேங்க் கடனையும் சேர்த்து ஓர் அடுக்குமாடியில் வீடு பதிவு செய்தார்கள். பன்னிரண்டு மாடி, மாடிக்கு நாலு வீடு, எல்லா மாடிக்கும் ஒரே அமைப்பு. அவர்களுடையது பதினோராவது மாடியில் பி. கம்பெனிக்காரன் வழவழவென்று அச்சடித்த வரைபடம் ஒன்றைக் கொடுத்தான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாள் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஐந்தாம் நாள் ஒரு காரியம் செய்தாள். கடைக்குப் போய், இளம்பச்சையில் சின்னச் சின்ன வெள்ளை இலை போட்ட துணியை வாங்கி வந்து, வரைபடத்தில் இருந்த அளவுக்கு ஸ்கிரீன் வெட்டினாள். ஹாலுக்கு எழுபத்திரண்டு அங்குலம், படுக்கையறைக்கு ஐம்பத்து நாலு.

கணவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"அளக்காமயா தைக்கிறே?"

"நம்ம வீடுதானேங்க. எனக்குத் தெரியாதா?"

அஸ்திவாரமே தோண்டாத கட்டடத்தின் பதினோராவது மாடிக்கு, ஊரில் யாரையும் செய்யவிடாத தப்பை அவள் செய்தாள். அவளுக்குத் தெரியாமலா? தெரியும். ஆசை முன்னால் நிற்கும்போது தெரிந்தது எதுவும் உதவுவதில்லை. மடிப்பில் சிவப்பு நூலில் '11 பி' என்று தைத்து, மடித்து, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அப்புறம் அந்தப் பெட்டி அவளோடு மூன்று வீடு மாறியது.

ஏனென்றால் கட்டடம் ஒன்பதாவது மாடியோடு நின்றுவிட்டது. ஒரு நாள் வேலையாட்கள் வரவில்லை. மறுநாள் கம்பெனி ஆபீஸில் நாற்காலிகள் இல்லை. அதற்கடுத்த வாரம் திவால் என்று பேப்பரில் வந்தது. ஒரு கையால் வாடகையும் மறு கையால் கடன் தவணையும் கட்டிக்கொண்டு, வீடு வாங்கியவர்கள் நாற்பத்தெட்டுப் பேரும் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அங்கே யாருக்கும் பெயர் தெரியாது. மூணு ஏ, ஆறு டி, பத்து சி என்று வீட்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். "பதினொண்ணு பி வந்தாச்சா?" என்று யாராவது கேட்கும்போது, இல்லாத வீட்டின் எண்ணுக்கு அவள் "வந்தாச்சு" என்று சொல்லி உட்காருவாள்.

ஏழு வருஷம் இப்படிப் போனது. பழைய சட்டப்படி, கம்பெனி மூழ்கினால் மிஞ்சியதைப் பங்கு வைக்கும் வரிசையில் பேங்க் முன்னால் நிற்கும், சிமென்ட் விற்றவன்கூட நடுவில் நிற்பான், வீட்டுக்குப் பணம் கட்டியவன் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியவனும் கடன் கொடுத்தவன்தான், அவனுக்கும் உட்கார நாற்காலி உண்டு, போட ஓட்டு உண்டு என்று வந்தது. மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் கட்டடத்தைத் தாங்களே எடுத்து வேறு ஆளை வைத்துக் கட்டி முடிக்கலாம். பாதியில் நிற்கும் கட்டடங்களுக்குக் கைகொடுக்க அரசாங்கம் ஒரு நிதியையும் ஆரம்பித்தது. சங்கத்தில் அன்றைக்கு எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

அந்த நிதியிலிருந்து ஒரு பெண் லேப்டாப்போடு வந்தாள். கட்டடத்தின் கீழே, கார் நிறுத்துவதற்கென்று விட்ட இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். பணம் தருவதாக அவள் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. கட்டடம் ஒன்பது மாடியோடு முடிய வேண்டும். ஏழு வருஷ மழையில் மேலே நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, இனி அதன்மேல் மூன்று மாடி ஏற்ற முடியாது என்று இன்ஜினியர் அறிக்கை கொடுத்திருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டாவது மாடிக்காரர்களுக்குக் கட்டிய பணம், வட்டி இல்லாமல், மூன்று வருஷத்தில் திரும்பக் கிடைக்கும்.

சங்கத் தலைவர் மூணு ஏ, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எழுந்து நின்று, கரும்பலகை இல்லாத குறையாகக் கணக்குப் போட்டார்.

"நாப்பத்தெட்டு வீடு. மூணுல ரெண்டு பங்குன்னா முப்பத்திரண்டு ஓட்டு வேணும். ஒன்பதாவது மாடி வரைக்கும் முப்பத்தாறு வீடு. அதுல அஞ்சு பேர் எங்க இருக்காங்கன்னே தெரியலை. மிச்சம் முப்பத்தொண்ணு. மேல உள்ள பன்னெண்டு வீட்டுல இருந்து ஒரே ஒரு ஓட்டு வந்தாப் போதும்."

பத்து சி சட்டென்று எழுந்தார். அவர் கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஊரின் வழக்கெல்லாம் அவர் மெஷின் வழியாகத்தான் போகும் என்பதால், பாதி வக்கீல் என்று அவருக்கே ஒரு நினைப்பு.

"அந்த ஒண்ணு வராது சார். காசு குடுத்தா என்ன ரிப்போர்ட் வேணா எழுதித் தருவாங்க. நான் தினம் எத்தனை பாக்கறேன்! கீழ உள்ளவங்களுக்கு வீடு, எங்களுக்கு வானமா?"

"அண்ணே, என் நிலைமையையும் பாருங்க" என்றாள் மூன்றாவது வரிசையில் இருந்த ஒன்பது பி. அவள் நர்ஸ். டியூட்டி முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். "ஒரு ரூம்ல நானும் அம்மாவும். அம்மாவுக்குக் கட்டில் போட்டா எனக்குக் கால் நீட்ட இடமில்லை. இன்னும் எத்தனை வருஷம்?"

"எங்களுக்கும் அம்மா இருக்காங்கம்மா!" என்றார் பத்து சி.

கூட்டம் சந்தைக்கடை ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓட்டெடுப்பு என்று சொல்லி வாத்தியார் ஒருவழியாகக் கலைத்துவிட்டார்.

மறுநாள் சாயந்திரம் அவர் ஸ்கிரீன் அக்காவின் வீட்டுக்கு வந்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அறிக்கையின் நகலை அவள் முன்னால் வைத்தார்.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாதும்மா. உன் ஓட்டைக் கேக்கத்தான் வந்தேன்."

"எங்க வீட்டை நானே வெட்டிக் குடுக்கணும்ங்கிறீங்க."

"ஆமாம்மா. அதைத்தான் கேக்கறேன்."

வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பாள். ஆள் பூசி மெழுகாமல் சொன்னதால் வாய் வரவில்லை. அறிக்கையை எடுத்துப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது பேப்பர் சார். பேப்பரை நம்பி நான் ஜன்னலுக்கே தைக்க மாட்டேன். நேர்ல அளந்து பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

மூலையில் இருந்த இரும்புப் பெட்டியைக் கணவர் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சில நேரங்களில் அவர் புத்திசாலி.

புதன்கிழமை காலையில் இரண்டு பேரும் கட்டடத்துக்குப் போனார்கள். லிஃப்டுக்குத் தோண்டிய குழியில் தண்ணீர் நின்று தவளை கத்திக்கொண்டிருந்தது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட்டுகிற மனிதர், கைப்பிடி இல்லாத படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது மாடி ஏறினார். நாலாவது மாடியிலும் ஏழாவது மாடியிலும் உட்கார்ந்து, கம்பெனிக்காரனின் பரம்பரையை நினைவுகூர்ந்துவிட்டு எழுந்தார். அவர் சட்டைப் பையில் எப்போதும் போல லிஃப்ட் சாவிக்கொத்து. தோள்பையில் கம்பி பிரஷ், காலிப்பர். லிஃப்டைத் தூக்கும் இரும்பு வடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்கிற காலிப்பர் அது.

மேல்தளத்தில் தூண்கள் முடிந்த இடங்களிலிருந்து கம்பிகள் ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன, வராத மூன்று மாடிகளுக்காக. அவர் பிரஷ்ஷால் தேய்த்தார். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அவர் செருப்பில் விழுந்தது. உள்ளே இருந்த இரும்பில் காலிப்பரை வைத்தார்.

"இருபத்தஞ்சு மில்லி இருக்கணும்" என்றாள் அவள், அறிக்கையில் பார்த்த நினைவில், நோட்டைத் திறந்துகொண்டு.

"பத்தொம்பது."

"பத்தொம்பது."

"இது பதினெட்டரை."

"பதினெட்டரை."

வெயில் ஏற ஏற ஒவ்வொரு தூணாகப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் அளப்பது போலத்தான், அவர் சொல்ல, அவள் திருப்பிச் சொல்லி எழுத. கடைசியாக பி வரிசை வீடுகளின் மூலைத் தூண். அவர்கள் படுக்கையறைக்கு நேர் கீழே வரும் தூண். அடியில், கான்கிரீட்டிலிருந்து கம்பி வெளியே வரும் இடத்தில், மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கி இடுப்பு மெலிந்த மாதிரி இருந்தது.

"பதினேழு" என்றார்.

அவள் திருப்பிச் சொல்லவில்லை. "சரியாப் பாருங்க."

பார்த்தார். "பதினேழுதாம்மா."

"இன்னொரு தடவை."

மூன்று தடவை பார்த்தும் பதினேழு பதினேழாகவே இருந்தது. அவர் காலிப்பரைத் துடைத்துப் பையில் போட்டார்.

"லிஃப்ட் வடம் பத்துல ஒரு பங்கு தேஞ்சாலே கழட்டிப் போட்டுருவோம். இது மூணுல ஒரு பங்கு போயிருச்சு."

"துருவைச் சுரண்டிட்டுப் புதுக் கம்பி சேத்து வைக்க முடியாதா?"

"வெளிய இருக்கறதைச் சுரண்டலாம். தூணுக்குள்ள எறங்கினதை யாரு சுரண்டுறது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் வீடு இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு காகம் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நீங்களா இருந்தா ஏறுவீங்களா?" என்று கேட்டாள்.

"நான் ஏற மாட்டேன். உன்னையும் ஏத்த மாட்டேன்" என்றார்.

அவள் நோட்டில் பதினேழு என்று எழுதினாள். மற்ற எண்களைவிட அது கொஞ்சம் அழுத்தமாக விழுந்து அடுத்த தாளிலும் பதிந்தது. அவள் டேப் பிடித்த இத்தனை வருஷத்தில் அளவு ஒருநாளும் அவளுக்கு எதிராகப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசியது. வலித்தது, ஆனாலும் அதை அழிக்க அவளுக்குக் கை வராது.

நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். பத்து சி, வாயில் பேனா மூடியோடு, ஒரு விவாகரத்து வழக்குக்கு மூன்று நகல் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தப் பக்கத்தை ஒரு காப்பி எடுங்க."

நோட்டை வாங்கி மெஷினில் கவிழ்க்கப் போனவர், கண்ணில் பட்டதும் நின்றார். தூண் ஒன்று, தூண் இரண்டு என்று வரிசையாக எழுதியதைப் படித்தார். பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"நீங்க அளந்ததா?"

"அவர் அளந்தார். நான் எழுதினேன்."

"தப்பா இருக்க வாய்ப்பு…"

"உங்க வீட்டு ஸ்கிரீன் என்னைக்காவது அரை இன்ச் தூக்கலா நின்னிருக்கா?"

அவர் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பன்னிரண்டு மாடிப் படத்தை ஒரு தடவை பார்த்தார். வாங்கிய நாளில் ஒட்டிய படம், ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதையும் பொய்யுன்னு சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்குதுக்கா" என்றார். "நீங்களும் மேல உள்ளவங்கதானே. உங்களுக்கு என்ன லாபம்?"

"ஒண்ணுமில்லை."

மெஷினில் பதினொன்று என்று அழுத்தினார். மேலே உள்ள மற்றப் பதினோரு வீட்டுக்கும் ஆளுக்கொன்று. பிறகு அந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு, கடையைப் பாதி ஷட்டர் இழுத்துவிட்டு, வீடு வீடாகக் கொடுக்க அவரே கிளம்பினார். காசு எவ்வளவு என்று அவள் கேட்டதற்கு, "போங்கக்கா" என்றார். அந்தக் கடையில் ஓசிக் காப்பி எடுத்த ஒரே ஆள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட, ஆளுக்கு ஆள் எழுந்து சொல்ல வேண்டும். ஒன்பது மாடிகள் தடையில்லாமல் ஓடின. பத்து ஏ, "முடியாது." பத்து பி, "முடியாது." பத்து சி எழுந்தார். "சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வந்துவிட்டது. இனி அவள் என்ன சொன்னாலும் கட்டடம் ஒன்பதோடு நின்றுவிடும். வேண்டாம் என்று சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

"பதினொண்ணு பி."

"சம்மதம்" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் நர்ஸ் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அழாதே, போய்ச் சுவருக்கு என்ன கலர்னு யோசி" என்று ஸ்கிரீன் அக்கா அவள் முதுகில் தட்டினாள். வாசல் வரைக்கும் நிமிர்ந்துதான் நடந்தாள்.

கட்டடம் முடிய இரண்டு வருஷம் ஆயிற்று. முதல் தவணையாகத் திரும்பி வந்த பணம் வந்த வழியே பேங்குக்குப் போனது. அதற்கிடையில் ஏழாவது வீட்டு ஓனர் மகனுக்குக் கல்யாணம் என்றார், எட்டாவது வீடு தேட வேண்டியதாயிற்று. நல்லவேளை, அந்தச் சமயத்தில் வாடகைச் சட்டமும் மாறியிருந்தது. எல்லாவற்றையும் எழுதிப் பதிய வேண்டும், நினைத்தபோது வெளியே போ என்று சொல்ல முடியாது, வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஒப்பந்தம் டைப் அடிக்கும் இடத்தில் அவள், "இன்னொரு வரி சேத்துக்கங்க" என்றாள். "ஸ்கிரீன் ராடு மாட்டச் சுவரில் துளை போடலாம், காலி செய்யும்போது அடைத்துக் கொடுக்க வேண்டும்."

"இப்படி ஒரு வரியை நான் எங்கயும் பாத்ததே இல்லையேம்மா" என்று புது ஓனர் சிரித்தார்.

"இனிமே பாப்பீங்க" என்றாள்.

குடிபோன அன்றைக்கே கணவர் டிரில்லை எடுத்து இரண்டு துளை போட்டார். அவள் கீழே நின்று விழுந்த செங்கல் பொடியைக் கையில் ஏந்திக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டு ஜன்னல் மூன்றடிதான். பெட்டியைத் திறந்து பச்சை ஸ்கிரீனை எடுத்து வைத்துப் பார்த்தாள், பாதிக்குப் பாதி அதிகம். கத்திரிக்கோலை எடுத்தாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு துணியை மடித்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, மிச்சத் துணி ஒன்றை எடுத்து அந்த ஜன்னலுக்குத் தைத்தாள்.

ஒரு சனிக்கிழமை நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, சாவி வாங்கிட்டேன். அம்மா நாளை மறுநாள் ஆஸ்பத்திரியில இருந்து நேரா புது வீட்டுக்கு வர்றாங்க. ஜன்னலெல்லாம் மொட்டையா இருக்கு. எந்தத் துணியா இருந்தாலும் சரி, நீங்களே பாத்து மாட்டிக் குடுத்துருங்க."

மறுநாள் காலையில் போனார்கள். புது லிஃப்ட், கணவரின் கம்பெனிதான் பராமரிப்பு. கதவு மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "தேவலை" என்று சான்றிதழ் கொடுத்தார். ஒன்பது பி-யில் பெயிண்ட் வாசனை. நர்ஸ் சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்திருந்தாள். அவர் ஹால் ஜன்னலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி டேப்பை இழுத்தார்.

"எழுபத்திரண்டு" என்றார்.

கீழேயிருந்து குரல் வரவில்லை. அவர் குனிந்து பார்த்தார். அவள் நோட்டைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"எழுபத்திரண்டும்மா."

"அந்த ரூமைப் பாருங்க."

படுக்கையறையில் அவர் டேப்பை இழுக்கும் முன்பே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஐம்பத்து நாலு. கால் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு வருஷமும் கணக்கு வாத்தியார் ஸ்கேலோடு ஒவ்வொரு சுவரிலும் நின்று மேஸ்திரிகளின் உயிரை எடுத்திருக்கிறார். அவள் பார்த்த அத்தனை வரைபடங்களும் பொய் சொன்னவை. அவள் நம்பித் தைத்த இந்த ஒன்று மட்டும் கடைசி அங்குலம் வரைக்கும் உண்மை சொல்லியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"ரெடியாவே ஒண்ணு இருக்கு. மத்தியானம் கொண்டாந்து மாட்டிடறேன்" என்றாள் நர்ஸிடம்.

கணவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "அது நம்ம…"

"பெட்டியில சும்மாதானே கிடக்கு."

மத்தியானம் ராடுகள் ஏறின, பச்சை ஸ்கிரீன் ஏறியது. மஞ்சள் சுவருக்கு அது அப்படி ஒரு பொருத்தம். நர்ஸ் கையைத் தட்டினாள். துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனவள் அடி மடிப்பைத் திருப்பினாள்.

"அக்கா, இதுல பதினொண்ணு பின்னு…" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். சங்கத்தில் இருந்தவளுக்கு அந்த எண் யாருடையது என்று சொல்ல வேண்டுமா?

"தப்பா விழுந்துருச்சும்மா. இரு, பிரிச்சுத் தர்றேன்."

"வேணாம்க்கா. அது இருக்கட்டும், ப்ளீஸ்."

"இருக்கக் கூடாது. சலவைக்குப் போட்டா வீடு மாறிடும்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தாள். ஊசி முனையால் சிவப்பு நூலை ஒவ்வொரு தையலாக எடுத்தாள். பிரித்த இடத்தில் '9 பி' என்று தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஜன்னலுக்கு இரண்டாக நாலு ஸ்கிரீனுக்கும் அப்படியே. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் டிரில்லைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுக்கா?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

"தையக்கூலி மட்டும் குடு. துணிக்கு வேணாம்."

"ஏன்க்கா?"

"பழைய துணி" என்றாள்.

லிஃப்டில் எட்டு, ஏழு, ஆறு என்று எண்கள் இறங்கின. ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் அவர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, பொத்தான்களுக்குக் கீழே இருந்த சின்னத் துவாரத்தில் விட்டுத் திருப்பினார். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நான்தான் நிறுத்தினேன்." அவர் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "நாலு பக்கமும் இரும்பு. பக்கத்து வீடு கிடையாது. அழணும்னா அழு."

அவள் ஒரு நொடி அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு டேப்பும் நோட்டும் இருந்த பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வாய்விட்டு, சத்தம் போட்டு அழுதாள்.

கீழே யாரோ பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். "என்னங்க, லிஃப்ட் ரிப்பேரா?" என்று குழாய் வழியாக வருகிற மாதிரி ஒரு குரல் மேலே வந்தது.

"ஆமாங்க, பாத்துட்டிருக்கேன்" என்று அவர் பதிலுக்குக் கத்தினார். "ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க."